திவாலான கம்பெனியின் 400 பங்குகளுக்கு உரிமைகோரல் படிவம் போடலாமா? ஸ்கோர்ஸில் போட்ட புகார் ஏன் திரும்பி வந்தது?

போட வேண்டாம், நிராகரிப்பார்கள். படிவம் சி கடன் கொடுத்தவர்களுக்கானது. நீங்கள் பங்குதாரர், அதாவது உரிமையாளர். கம்பெனியின் பணத்தைப் பங்கிடும் திவால் சட்டம் பிரிவு 53 வரிசையில் சாதாரணப் பங்குதாரருக்குக் கடைசி இடம். முன்னுரிமைப் பங்குதாரர்கூட உங்களுக்கு முன்னால். அதே கம்பெனியில் டெபாசிட் அல்லது கடன் பத்திரம் வைத்திருந்தால் மட்டும் அந்தத் தொகைக்குக் கடைசித் தேதிக்குள் உரிமை கோருங்கள்.

செபியின் புகார் தளமான ஸ்கோர்ஸில் போட்ட புகார் திரும்பி வந்ததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் தடைக்காலம் (கம்பெனி மீதான வழக்குகளும் வசூலும் நிறுத்திவைக்கப்படும் காலம்) அறிவித்துவிட்ட கம்பெனி மீதான புகார்களை செபி அங்கே எடுப்பதில்லை. இயக்குநர் குழுவின் அதிகாரமும் அப்போதே தீர்வு நிபுணரிடம் (திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்படுபவர்) போய்விடுகிறது. பழைய முதலீட்டாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

பங்குச்சந்தை இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளைத் திறந்து பாருங்கள். தீர்வுத் திட்டம் (கம்பெனியை மீட்டெடுத்துக் கடன்களைத் தீர்க்கும் திட்டம்) ஏற்கப்பட்டிருந்தால், பொதுப் பங்குதாரர்களுக்கு என்ன ஆகும் என்பது அதிலேயே இருக்கும். ‘மூலதனக் குறைப்பு’ (பங்குகளை ரத்து செய்வது அல்லது குறைப்பது), ‘பட்டியல் நீக்கம்’ (பங்கைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுவது) என்ற சொற்களைத் தேடுங்கள். வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல்லின் பங்குகள் 2021-ல் அப்படித்தான் மதிப்பே இல்லாமல் போயின. வதந்தியை நம்பி மலிவாக இருக்கிறதென்று இன்னும் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

கணக்கில் மோசடி என்று ஆதாரம் இருந்தால், கம்பெனிகள் சட்டம் பிரிவு 245-ன்படி இயக்குநர்கள், தணிக்கையாளர் மீது கூட்டு மனு போட வழி உண்டு. பட்டியலிட்ட கம்பெனியில் 100 உறுப்பினர்கள் சேர்ந்தாலே போதும், அல்லது 2% பங்கு. ஆனால் இது வருடக்கணக்கில் இழுக்கும், வக்கீல் செலவும் உண்டு. தடைக்காலத்தில் கம்பெனியையே எதிர்த்து வழக்குத் தொடர முடியாது என்பதால், யாரை எதிர்த்து மனு என்பதை வக்கீலிடம் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.