ஜிம்மியின் கடைசி நாளை எப்படித் தீர்மானிப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். எங்கள் நாய் ஜிம்மிக்கு 13 வயது. ஆறு மாதமாகச் சிறுநீரக வருத்தம். ஒன்றுவிட்ட ஒரு நாள் ஓட்டோவில் கொண்டுபோய் சேலைன் ஏற்றுகிறோம். இப்போது பின்னங்கால்களும் நிற்கவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். “உயிரைத் தந்தவன்தான் எடுக்கவேணும், அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்” என்கிறார் அம்மா. மகனுக்கு 8 வயது. எப்போது முடிவெடுப்பது? ஜிம்மிக்கு வலிக்குமா? பிறகு எங்கே புதைப்பது?

பதில்: ஊசி கேட்டு என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு நான் அன்று கொடுத்தனுப்புவது வலி மருந்தைத்தான். பின்னங்கால் நிற்காத வயதான நாய்க்கு இடுப்பிலோ முதுகெலும்பிலோ வலி இருக்கக்கூடும். ஆனால் அது கத்தாது. இரவில் இடம் மாறி மாறிப் படுக்கும், காரணமில்லாமல் மூச்சிரைக்கும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், தொடப்போனால் முகத்தைத் திருப்பும். அதுதான் அதன் அழுகை. ஆகவே உங்கள் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது, “வலிக்கு என்ன கொடுக்கிறோம்?” என்பது. மெலோக்சிகாம் போன்ற மருந்துகள் பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது. கபாபென்டின் போன்றவற்றை அளவு குறைத்துக் கொடுக்கலாம். வீட்டில் இருக்கிற டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை நஞ்சு. பூனை வைத்திருக்கிற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரு பனடோல் வில்லையே பூனையைக் கொன்றுவிடும்.

அப்புறம் அந்த ஓட்டோப் பயணம். கொழும்பின் காலி வீதி நெரிசலில் நோயாளி நாயை வைத்துக்கொண்டு போய்வருவதே அதற்கு அரை நாள் வேதனை. தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யப் பழகலாம். பையைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு, தோள்பட்டைக்கு மேலே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதற்குள் ஊசியைச் செலுத்துவதுதான். பையை முன்கூட்டியே இளஞ்சூட்டு நீரில் வைத்து எடுத்தால் நாய் சிலிர்க்காது. இரண்டு தடவை கிளினிக்கில் பார்த்துச் செய்தால் கை பழகிவிடும். வழுக்குகிற டைல்ஸில் பழைய றப்பர் பாய்களை விரியுங்கள். வயிற்றுக்கடியில் துவாயைக் கொடுத்துத் தூக்கி நடத்துங்கள். எழும்பாமலே கிடந்தால் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் புண் வரும். குமட்டலுக்கு மருந்து இருக்கிறது, கேளுங்கள். சிறுநீரக நோயில் நாய் சாப்பிடாமல் இருப்பது பிடிவாதத்தால் அல்ல, குமட்டலாலும் வாய்ப்புண்ணாலும்.

இவ்வளவும் செய்தபிறகும் நாட்கள் நல்லதாகாவிட்டால் முடிவைப் பற்றிப் பேசலாம். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2004இல் ஒரு அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். கூடிய புள்ளி என்றால் நல்ல நிலை. 70க்கு 35க்கு மேலே வந்தால் பராமரிப்பைத் தொடரலாம். நல்ல கருவிதான். ஆனால் நாளுக்கு நாள் மனம் புள்ளியைக் கூட்டியும் குறைத்தும் போடும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் இதைவிட எளிதாகச் செய்திருந்தார். கடையில் கொடுத்த நாட்காட்டித் தாள்களைக் கிழித்து எறியாமல் வைத்து, நல்ல நாளுக்கு நீலப் பேனாவாலும் கெட்ட நாளுக்குச் சிவப்பாலும் ஒரு கோடு இட்டிருந்தார். என் மேசையில் அவற்றைப் பரப்பினார். கடைசிப் பதினொரு தாளில் ஒன்றுதான் நீலம். நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்தப் பேனாக்களை உங்கள் அம்மாவின் கையில் கொடுங்கள். அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். கருணைக்கொலை என்ற சொல்லில் இருக்கிற ‘கொலை’ எனக்கும் உறுத்துகிறது. அகிம்சையையே வாழ்வாகக் கொண்ட காந்தி 1928இல், சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்குட்டியை ஊசி போட்டு முடிக்கச் சம்மதித்தார். கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. செய்தது சரி என்றே அவர் பதில் எழுதினார். இதைச் சொல்லி அம்மாவை வாதத்தில் வெல்லப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருந்து அவரே நாட்களை எண்ணட்டும்.

உங்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: நெருக்கடி வருமுன் நாளைக் குறியுங்கள். “ஜிம்மி தானாகவே போய்விடும்” என்று காத்திருப்பவர்கள் நித்திரையிலேயே அமைதியாகப் போவதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழக்கும்போது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாந்தி, வாய்ப்புண், சில வேளைகளில் வலிப்பு. என் சொந்தப் பூனைக்கு நான் இரண்டு நாள் பிந்தினேன். இன்னும் ஒரு தடவை சாப்பிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவில் வலிப்பு வந்தது, வீட்டில் மருந்து இல்லை, விடியும்வரை அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். தொழில் தெரிந்த எனக்கே இது நடந்தது. ஜிம்மியின் முரசு (பல்லீறு) வெளுத்தால், நீலம் பாய்ந்தால், மூச்சுக்குத் திணறினால், வலிப்பு வந்தால், குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே கொண்டுபோங்கள்.

இன்னொரு விஷயத்தை இப்போதே கேட்டு வையுங்கள். கொழும்பில் சில வைத்தியர்கள் தங்கள் சமய நம்பிக்கையால் இந்த ஊசியைப் போடமாட்டார்கள். அது அவர்களுடைய மனச்சாட்சி. ஆனால் கடைசி நேரத்தில்தான் உங்களுக்கு அது தெரியவரக் கூடாது. போடுவாரா, வீட்டுக்கு வருவாரா, முதலில் மயக்க மருந்து கொடுப்பாரா என்று கேளுங்கள்.

ஊசி வலிக்குமா? ஒழுங்காகச் செய்தால் முதல் குத்தலைத் தவிர வலி இல்லை. முதலில் தசையில் மயக்க மருந்து. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை சாயும். முன்னங்காலில் கொஞ்சம் மயிரை மழித்து, நாளத்தில் கனுலா என்ற மெல்லிய குழாயை ஏற்றி, பென்டோபார்பிட்டல் என்ற மருந்தை அதிக அளவில் செலுத்துவோம். அது ஒரு மயக்க மருந்துதான். சில விநாடிகளில் நினைவு தப்பும், பிறகு மூச்சு, அடுத்து சில நிமிடத்தில் இதயம் நிற்கும். ஜிம்மியின் உடலில் நீர் குறைவு என்பதால் நாளம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கலாம், பதறாதீர்கள். கண் மூடாது. இதயம் நின்றபிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். இதை முன்பே சொல்லாததால் “இன்னும் உயிர் இருக்கிறது” என்று அலறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உயிர் அல்ல, உடலின் கடைசி அசைவுகள்.

மகனிடம் “நித்திரையாக்கினோம்” என்று சொல்லாதீர்கள். அடுத்த இரவு அவன் நித்திரைக்கே பயப்படுவான். “ஜிம்மி இறக்கப்போகிறது, அதன் வருத்தத்தை மாற்ற முடியவில்லை, வலிக்காமல் இருக்க வைத்தியர் உதவுவார்” என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்பதை அவனே சொல்லட்டும். மயங்கும்வரை தடவிக்கொடுத்துவிட்டு வெளியே போவதும் சரிதான்.

புதைக்க நிலம் வேண்டும். உறவினரின் வளவு இருந்தால் மூன்று அடிக்குக் குறையாமல், மழைக்கு நீர் தேங்காத இடத்தில் தோண்டுங்கள். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும். தெருநாயோ காகமோ கிளறித் தின்றால் அதுவும் சாகும். இடம் இல்லையென்றால், தகனத்துக்கு ஏற்பாடு உண்டா என்று கிளினிக்கிலும் மாநகர சபையிலும் முன்கூட்டியே கேளுங்கள். இறுதி நாட்களில் ஜிம்மி யாரையாவது கடித்திருந்தால் மட்டும், விசர் நோய்ப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் சொல்லாமல் புதைக்கக் கூடாது. அந்தப் பரிசோதனை பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கிறது.

குறித்த நாளன்று காலையில் வலி மருந்தையும் குமட்டல் மருந்தையும் வழக்கம்போலக் கொடுங்கள். மீன் பணிஸ் பிடிக்குமென்றால் ஒரு துண்டு பிய்த்துக் கொடுங்கள், அன்று உப்பைப் பார்க்கத் தேவையில்லை. சேலைன் மட்டும் ஏற்றவேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு, ஊசி குத்தாத ஒரு காலை அதற்குக் கிடைக்கட்டும்.