சிடி4 நீக்கியும் எலி சாகவில்லையே?

சிடி4 செல்களை (நோய் எதிர்ப்பில் உதவும் ஒரு வகை டி செல்) ஆன்டிபாடி கொடுத்து நீக்கிவிட்டு, என்செஃபாலிட்டோசூன் குனிகுலை என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் ஸ்போர்களை வயிற்றறைக்குள் ஊசி போட்டும் பிளாக்6 எலிகள் (ஆய்வக எலி வகை) திடமாகவே இருக்கின்றன, அந்த ஆன்டிபாடி வேலை செய்யவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வழியில் தொற்றினால் அப்படித்தான் இருக்கும். இங்கே பாதுகாப்பு சிடி8 செல்கள் என்ற இன்னொரு வகை டி செல்களின் கையில். செல்லில் துளையிடும் பெர்ஃபோரின் என்ற புரதத்தைக் கொண்டு, தொற்றிய செல்லையே அவை கொன்றுவிடுகின்றன. சிடி8 இல்லாத எலியும் பெர்ஃபோரின் இல்லாத எலியும் இதே தொற்றில் மடிந்துபோகும். வாய்வழி கொடுத்தால் வேறு: சிடி4, சிடி8 இரண்டில் ஒன்று இருந்தாலே எலி தாங்கிவிடும்.

ஆகவே சிடி8 நீக்கிய குழு ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்.

ஆனாலும் சிடி4 செல்கள் நீங்கினவா என்று சரிபார்த்துவிடுங்கள். நீக்குவதற்கு ஜிகே1.5 என்ற சிடி4 ஆன்டிபாடியைக் கொடுத்திருந்தால், செல்களை எண்ணும்போது அதே குளோனால் (அதே ஆன்டிபாடி வகையால்) சாயமேற்ற வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி இடத்தை மறைத்து, செல் இருந்தும் இல்லாததுபோல் காட்டும். ஆர்எம்4-4 என்ற ஆன்டிபாடி சிடி4-இன் வேறு இடத்தில் ஒட்டும், அதை எடுங்கள்.