தண்டால் சுவரில் தொடங்கட்டும்

கேள்வி: வயது 34. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. செல்போனில் பார்த்த '30 நாள்' தண்டால் பயிற்சியை மூன்றாம் நாளே தோள்வலியால் நிறுத்திவிட்டேன். எந்தப் பயிற்சி முறையைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், தேனி

பதில்: முதலில் தோள்வலி முழுவதும் ஆறட்டும், நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அட்டவணை உங்கள் உடம்பைக் கேட்காமல் போட்டது. தரையில் எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 75 கிலோ உடம்பு என்றால் 50 கிலோ! முதல் நாளே அது எதற்கு? என்னிடம் வருபவர்களைச் சுவரில் கை ஊன்றித்தான் தொடங்கச் சொல்கிறேன். 15 முறை நிதானமாக வந்ததும் சமையல் மேடை, பிறகு அசையாத பெஞ்சு, கடைசியில் தரை. என் தங்கை தரைக்கு வர ஐந்து மாதம் ஆனது. இன்று அவள் தண்டாலைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது.

பஸ்கிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும். இழுக்கும் பயிற்சி இல்லாத அட்டவணையை மட்டும் தொடாதீர்கள், முதுகு பாவம். பூங்காவில் இடுப்பளவுக் கம்பி இருந்தால், அதைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து மார்பைக் கம்பியருகே இழுங்கள். வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள்.