ஆகாயத் தாமரை வந்த வழியை டிஎன்ஏ சொல்லுமா?

கேள்வி: எங்கள் ஏரி முழுக்க ஆகாயத் தாமரை. மேல் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக வந்தது என்கிறார்கள் சிலர். மீன் குத்தகைக்காரரின் வலையோடு வந்தது என்கிறார்கள் சிலர். இலையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உண்மை தெரியுமா?

பதில்: தெரியாது. அந்தச் செலவு வேண்டாம்.

ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். அடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி, அதன் நுனியில் ஒரு குட்டிச்செடி இருக்கும். தாய்க்கும் அதற்கும் டிஎன்ஏ ஒன்றே. மரபணுக் குறிப்பான் என்பது டிஎன்ஏவில் செடிக்குச் செடி மாறக்கூடிய ஓர் இடம். மாறவே இல்லை என்றால் எதை வைத்து ஒப்பிடுவது? இந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. பல கண்டங்களின் செடிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், தாயகத்துக்கு வெளியே பெரும்பாலும் ஒரே குளோன்தான், அதாவது ஒரே செடியின் நகல்கள்தான், பரவியிருப்பது தெரியவந்தது. மேல் ஏரிச் செடியும் வலையில் ஒட்டிய செடியும் ஒன்றுபோலவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

விதையால் பரவும் சீமைக் கருவேலம் என்றால் கதை வேறு, அதில் செடிக்குச் செடி டிஎன்ஏ மாறும். அதில் ஜூலிஃப்ளோரா, பாலிடா என்ற இரண்டு இனங்கள் பார்வைக்குக் குழப்பும். ஆனால் டிஎன்ஏவைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் முன்னதில் நான்கு தொகுதி, பின்னதில் இரண்டு. அதற்கு மாதிரி எடுப்பவர்கள் இளம் இலையைச் சிலிக்கா ஜெல்லில் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போட்டு உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிவிடும்.

பூர்வீகம் தெரிந்தால் என்ன லாபம் என்பீர்கள். 1939இல் இலங்கைக்குள் வந்த சால்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையைப் பாருங்கள். அது தனி இனம் என்பதே 1972இல்தான் உறுதியானது. அதுவரை வேறொரு இனம் என்று நினைத்து, அதைத் தின்னும் பூச்சிகளைத் தேடியதில் பலன் இல்லை. 1978இல் தென்கிழக்கு பிரேசிலில் அதன் தாயகம் தெரிந்தது. அங்கிருந்து கொண்டுவந்த, அதைத் தின்னும் கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஏரி தெளிந்துவிட்டது. அன்று டிஎன்ஏ சோதனை இல்லை, செடியின் உறுப்புகளை ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அந்த வேலையில் குறிப்பான்கள் பெரிய துணை.

சரி, உங்கள் ஏரிக்கு வருவோம். மழைக்குப் பிறகு, நீரோட்டம் தணிந்ததும் வரத்துக் கால்வாயின் குறுக்கே மூங்கில் தட்டி கட்டுங்கள். வெள்ளக் காலத்தில் கட்டினால் கரை உடையும். தட்டியில் செடி வந்து சிக்கினால் கால்வாய் ஒரு வழி என்பது உறுதி. வலை விஷயத்தில் யார் மேல் தப்பு என்று பார்க்காமல், ஏரிக்குள் இறக்குமுன் வெயிலில் நன்றாகக் காயப்போடச் சொல்லுங்கள். இருக்கிற செடியைப் பூக்கும் முன்பே அள்ளிவிடுங்கள். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.