கிறிஸ்தவர் என்று வெளியே காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இது அடக்கமா, வெட்கமா?

எதை மறைக்கிறீர்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மத்தேயு 5:16 நம் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்கிறது. அடுத்த அதிகாரமோ கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். 6-ஆம் அதிகாரம் அந்தரங்கமாகச் செய்யச் சொல்பவை மூன்று: தர்மம், ஜெபம், உபவாசம். மூன்றுமே பார்ப்பவர்களின் பாராட்டைப் பெற்றுத்தரக்கூடியவை. யாரைப் பின்பற்றுகிறோம் என்பதை மறைக்கச் சொல்லவில்லை. இயேசுவைக் குறித்து வெட்கப்படுவதை மாற்கு 8:38 கடுமையாக எச்சரிக்கிறது. உபவாச நாளை யாருக்கும் சொல்லாமலிருந்தால் அது அடக்கம். "ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள்?" என்று கேட்டவரிடம் "சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்று மழுப்பினால் அது வெட்கம்.

இந்தச் சின்ன மழுப்பலைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மத்தேயு 26-இல் இயேசுவைத் தெரியாது என்று மறுக்கும் அவருடைய சீஷர் பேதுரு முதலில் ஒரு வேலைக்காரிக்கு முன் "நீ சொல்வது எனக்குத் தெரியாது" என்று நழுவுகிறார். இரண்டாம் முறை ஆணையிடுகிறார். மூன்றாம் முறை சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்குகிறார். ஒவ்வொரு பொய்யும் முந்தையதைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் திரும்பிவர முடிவதில்லை. ஆகவே புது வேலையோ புது நட்போ, ஆரம்பத்திலேயே பேச்சுவாக்கில் சொல்லிவிடுங்கள்: "காலையில் ஆராதனைக்குப் போயிருந்தேன்." அவ்வளவு போதும், விளக்கம் சேர்க்காதீர்கள். பதற்றத்தில் நீளும் பேச்சு பிரசங்கமாகிவிடும், கேட்டவர் மறுமுறை கேட்கமாட்டார்.

மதுவை மறுக்கும்போதும் இப்படித்தான். "எனக்கு வேண்டாம், நன்றி" என்றால் பெரும்பாலும் யாரும் துருவமாட்டார்கள். துருவினால் "மருந்து சாப்பிடுகிறேன்" என்று பொய் சொல்லாமல், உங்கள் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். குடிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம்? வீட்டில் எப்போதும் செய்வீர்கள் என்றால் வெளியிலும் செய்யுங்கள். தலை குனிந்து, சத்தமில்லாமல், சில நொடிகள். தானியேல் 6:10-இல் என்னை நிறுத்தும் சொற்கள் "தான் முன் செய்துவந்தபடியே" என்பவை. ஜெபத்துக்குத் தடைச்சட்டம் வந்தபின் தானியேல் புதிதாக எதையும் தொடங்கவில்லை, இருந்ததை நிறுத்தவுமில்லை. ஆள் பார்க்கும் இடத்தில் மட்டும் ஜெபம் நீண்டால் மறுபடியும் மத்தேயு 6-ஐத் திறக்க வேண்டும்.

உடை பற்றியும் கேட்பார்கள். 1 தீமோத்தேயு 2:9 நாணத்தைச் சொல்லும்போது எதிர்ப்பது பின்னல், பொன், முத்து, விலையேறப்பெற்ற ஆடை ஆகியவற்றை. செல்வத்தைப் பறைசாற்றுவதும் அங்கே அடக்கமின்மைதான். அடுத்தவர் உடையை அளப்பதற்கு அந்த வசனத்தை எடுப்பவர்கள் இதைப் படிப்பதில்லை.

கேலி வந்தால் முதலில் காரணத்தைப் பாருங்கள். 1 பேதுரு 4:15-16 இரண்டைப் பிரிக்கிறது: தீமை செய்தும் பிறர் காரியங்களில் தலையிட்டும் படுகிற பாடு ஒன்று, கிறிஸ்தவனாயிருப்பதால் படுகிற பாடு வேறு. வேலையை முடிக்காமல் வேதம் வாசித்து ஏச்சு வாங்கினால் அது உபத்திரவம் அல்ல. மன்னிப்புக் கேட்டு வேலையை முடியுங்கள்.

உயிருக்கே ஆபத்தான இடங்களில் வாழ்பவர்களுக்கு இந்த அளவுகோலை வைக்காதீர்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே (மத்தேயு 10:23).