எம்.எஸ்.டபிள்யூ. முடித்த மகளுக்கு ஆராய்ச்சி நிதி: தென்காசித் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கும் தங்கள் மகளுக்குப் பொதுச் சுகாதார ஆராய்ச்சிக்கான நிதி எங்கே கிடைக்கும் என்றும், உடனே பிஎச்.டி.யில் சேர்த்துவிடலாமா, கடன் வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாங்கள் அனுப்பிய பட்டியலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் திட்ட நிதியும், பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையும், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்காக ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வுத் திட்டமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இவற்றில் எதற்கும் இன்றைய நிலையில் அவரால் விண்ணப்பிக்க முடியாது. அது அவருடைய குறை அன்று. மூன்று வகைப் பணம் ஒரே பட்டியலில் கலந்துவிட்டதுதான் காரணம்.

முதல் வகை, ஆய்வு மாணவரின் கையில் மாதந்தோறும் வந்து சேரும் ஆய்வு உதவித்தொகை. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் பெயரில், அங்கே நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியரையோ விஞ்ஞானியையோ முதன்மை ஆய்வாளராகக் கொண்டு வழங்கப்படும் திட்ட நிதி. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட படிப்பில் சேர்வோருக்கான கல்வி உதவித்தொகை. ஐ.சி.எம்.ஆரும், 1969இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எஸ்.எஸ்.ஆரும் வழங்கும் பெரிய தொகைகளில் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. புதிதாகப் பட்டம் பெற்ற ஒருவர் அந்த நிதியைத் தம் பெயரில் வாங்க முடியாது. ஆனால் அதே நிதியில் உருவாகும் பணியிடங்களில் சேர முடியும். தங்கள் மகளுக்கு இந்த ஆண்டு திறந்திருக்கும் முதன்மையான வழி இதுவே என்பது என் கருத்து.

எனினும், முதலில் முதல் வகையைப் பார்த்துவிடுவோம். அதற்கு நாள் குறித்த தேர்வு இருக்கிறது. ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டில் சமூகப்பணி ஒரு தனிப் பாடம். சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று இன்னொரு பாடமும் உண்டு. முதுநிலையில் அவர் படித்தது சமூகப்பணி என்பதால் அதையே எடுப்பது பொருத்தம். பொதுப் பிரிவினருக்கு முதுநிலையில் 55 விழுக்காடும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும் தேவை. தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக இதை நடத்துகிறது. முதல் தாளில் 50 கேள்விகளும் இரண்டாம் தாளில் 100 கேள்விகளும் மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. மொழிப் பாடங்கள் நீங்கலாக வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதை, தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் கடைசி நேரத்தில் அறிந்து திகைக்கக் கூடாது.

இத்தேர்வின் வழியே இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள கணக்குப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும், விதிப்படி வீட்டு வாடகைப்படியும் வரும். மகளுக்கு வயது கூடிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜே.ஆர்.எஃப். பெறுவதற்கான வயது வரம்பு 30; பெண்களுக்கு அதில் ஐந்தாண்டு வரை தளர்வு உண்டு. ஆகவே ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு எழுதினாலும் வாய்ப்பு மூடிவிடாது. 2024 ஜூன் சுற்று முதல் நெட் மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் கொள்ளப்படுகிறது. ஜே.ஆர்.எஃப். தவறி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால், நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை தருகிறார்கள். அந்தத் தகுதி ஓராண்டுக்கே செல்லும் என்பதால், ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரை முன்கூட்டியே தேடி வைத்திருப்பது நல்லது.

சாதிப் பிரிவைப் பற்றித் தாங்கள் எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு மத்திய அரசின் தனித்தனித் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன என்பதையும், தமிழக ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை வழங்குகிறது என்பதையும், வீட்டில் ஒரே பெண் குழந்தையாக இருப்பவர்களுக்கு யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரிலான உதவித்தொகை உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி.யில் பதிவு செய்தபின், வேறு உதவித்தொகை இல்லாதவர்கள் ஐ.சி.எஸ்.எஸ்.ஆரின் முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இவை பொதுவாக முழுநேர ஆய்வுக்கானவை. ஊருக்குப் பக்கத்தில், கட்டணம் கட்டிப் பகுதிநேரமாகச் சேர்த்துவிட்டுப் பிறகு உதவித்தொகை தேடலாம் என்று நினைத்தால், சேர்ந்த அன்றே அந்த வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டுவிடும்.

இனி, நான் முதன்மையானது என்று சொன்ன வழிக்கு வருகிறேன். சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பின்னது 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. சானடோரியம் என்னும் காசநோய் விடுதியில் படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு, நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்று 1959இல் உலகுக்குக் காட்டிய ஆய்வு அங்கே நடந்தது. மருந்தின் வேதியியலோடு முடிந்துவிடாமல், ஏழைக் குடும்பத்தில் நோயாளி மாத்திரையை விடாமல் விழுங்குகிறாரா, வீட்டில் மற்றவர்களுக்கு நோய் பரவுகிறதா என்பனவற்றை வீடு வீடாகச் சென்று பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய ஆய்வு அது. இத்தகைய ஆய்வுகளில் சமூகப்பணியாளருக்கு இடம் இருக்கிறது; அது தயவால் கிடைக்கும் இடம் அன்று.

இந்நிறுவனங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் தற்காலிகப் பணியிடங்களை அறிவிக்கின்றன. திட்டத் தொழில்நுட்ப உதவியாளர் மூன்றாம் நிலை என்ற பணிக்கு மாதம் 28,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் என்பது ஐ.சி.எம்.ஆரின் அண்மைக்கால ஊதிய அமைப்பு. அறிவிப்பு அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வரும். பல நேரங்களில் குறித்த நாளில் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். அரசு நிறுவனங்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. மனச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்காக 1984இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப், மனநோயால் பாதிக்கப்பட்ட வீடற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கப்பட்ட பானியன், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள காந்திகிராம ஊரகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றையும் அவர் கவனித்துவர வேண்டும். சிறப்புப் பாடம் மனநலச் சமூகப்பணி என்பதால் முதல் இரண்டும் அவருக்கு மிகவும் பொருந்தும்.

இன்னொன்று: தென்காசிக்காரர்கள் சென்னையையே நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் திருவனந்தபுரம் எட்டும் தூரம். அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், மருத்துவம் படிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டு பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பையும் முனைவர் ஆய்வையும் நடத்துகிறது.

இரண்டு ஆண்டு திட்டப்பணியில் அவருக்குக் கிடைப்பது சம்பளம் மட்டும் அன்று. கேள்வித்தாள் தயாரிப்பது, அதைத் தமிழில் சோதித்துப் பார்ப்பது, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது, பங்கேற்பவரிடம் ஒப்புதல் பெறுவது, தரவைத் துப்புரவு செய்வது ஆகிய எல்லாவற்றையும் வேறொருவரின் செலவில் கற்றுக்கொள்வார். நாளை ஒரு பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, ‘நல்ல மாணவி’ என்பதற்கு மேல் சொல்ல ஏதாவது இருக்கும். அதற்கு முன்பாகவே, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மத்திய அரசின் ஸ்வயம் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் நடத்தும் அடிப்படை ஆய்வு முறைப் பாடத்தை அவர் படித்துவிடலாம். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் உண்டு.

நேர்காணலில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, எதை ஆராய விரும்புகிறீர்கள் என்பதுதான். ‘பீடித் தொழிலாளர்களின் உடல்நலப் பிரச்சினைகள்’ என்று அவர் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். நல்ல நிலத்தில்தான் நிற்கிறார். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது டெல்லியில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதும் எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தலைப்பில் கேள்வி இல்லை. அதே பெண்களில் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரசு விதிப்படி அவருக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். புகையிலைத் தூளோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் இருமலைத் தொழிலின் இயல்பாகக் கருதி விட்டுவிடுகிறாரா? பரிசோதனைக்குப் போகும் நாளில் சுற்றும் பீடிக் கட்டு குறைந்தால் கூலி குறையும் என்பது காரணமா? நோய் வெளியே தெரிந்தால் கடைக்காரர் இலையும் தூளும் தர மறுப்பார் என்ற பயமா? இருமல் தொடங்கியதற்கும் சளிப் பரிசோதனைக்கும் இடையே எத்தனை வாரங்கள் கழிகின்றன, அவற்றை எது விழுங்குகிறது என்று கேட்டால், அது ஆய்வுக் கேள்வி. மதிப்பீட்டாளர் அதில்தான் பணம் போடுவார்.

தரவு தேடும்போது ஒரு நுணுக்கத்தை அவர் கவனிக்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) மாவட்டவாரியான விவரங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அது 2017 மார்ச் நிலவரப்படியான மாவட்ட எல்லைகளை வைத்து எடுக்கப்பட்டது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆகவே அந்த அறிக்கையில் தென்காசி திருநெல்வேலிக்குள் அடங்கியிருக்கும். விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிட்டு எழுதுகிறவர் தரவைத் தாமே திறந்து பார்த்தவர் என்று படிப்பவருக்கு உடனே விளங்கும். பீடிக் கடையில் கட்டு ஒப்படைக்கும் நேரத்தில் பேட்டிக்குப் போகக் கூடாது என்பதைக் களப்பணித் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்தாலும் அதே பயன் உண்டு.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு இணையான, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். படித்து முடித்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அமெரிக்காவில் படிப்பதற்கான, பொதுச் சுகாதாரத்தையும் உள்ளடக்கிய ஃபுல்பிரைட்–நேரு முதுநிலை உதவித்தொகை மூன்று ஆண்டு முழுநேரப் பணி அனுபவம் கேட்கிறது. மேலே சொன்ன திட்டப்பணி இந்தக் கணக்கிலும் சேரும். எனவே வீட்டை அடமானம் வைத்து இந்த ஆண்டே அனுப்புவதற்கு நான் உடன்பட மாட்டேன். சம்பளத்தோடு இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து முழு உதவித்தொகையோடு போகக்கூடிய இடத்துக்கு, இன்று கடனோடு போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அனுபவம் கேட்கும் உள்நாட்டு வாய்ப்புகளும் அப்போது திறக்கும். முனைவர் பட்டத்துக்குப் பின் இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் பொதுச் சுகாதார ஆய்வு நிதி இருக்கிறது, அதை இப்போது பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தங்கள் ஊர்த் தொண்டு நிறுவனம் ஒன்று, வெளிநாட்டு நன்கொடையிலிருந்து மகளின் ஆய்வுக்குப் பணம் பிரித்துத் தருவதாகச் சொன்னதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அவ்வாறு பெற்ற பணத்தை ஒரு நிறுவனம் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அந்த நிறுவனம் அவரைத் தன் ஊழியராக நியமித்துச் சம்பளம் தருவது வேறு. நியமனக் கடிதம் தருகிறார்களா என்று கேளுங்கள், அதிலேயே தெரிந்துவிடும். உதவித்தொகை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவர்களிடமும், ஆய்வேட்டை எழுதித் தருவதாக விளம்பரம் செய்பவர்களிடமும் பேச்சே வேண்டாம்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தபின்னும் பணம் மாதம் தவறாமல் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். நிலுவை சேர்ந்து மொத்தமாக வருவது ஆய்வு மாணவர்களிடையே பழகிப்போன ஒன்று. ஆகவே திட்டப்பணிச் சம்பளத்தில் நான்கைந்து மாதச் செலவுக்கான தொகையை அவர் தனியே சேர்த்து வைக்கட்டும்.

இந்த மாதம் அவர் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அடுத்த நெட் சுற்றின் அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பிப்பது. மற்றது, காசநோயிலோ தொழில்சார் நலத்திலோ ஆய்வு செய்துவரும் மூன்று பேராசிரியர்களைத் தேர்ந்து, அவர்களுடைய ஒரு கட்டுரையையாவது முழுமையாகப் படித்துவிட்டு, பீடித் தொழிலாளர்களைப் பற்றிய கேள்வியை அரைப் பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புவது. மூவருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பதில் வர இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம்; அதன்பின் ஒருமுறை நினைவூட்டி எழுதுவதில் தவறில்லை. அந்த அரைப் பக்கத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு படி அனுப்பினால் படித்துச் சொல்கிறேன். கடிதத்தைத் தாங்கள் எழுதாமல் அவரே எழுதட்டும்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்