ஃபோர்மட் செய்யத் தெரியும். அடுத்து எந்தச் சான்றிதழ்?

கேள்வி: அக்கா, ஹட்டன் டவுனில் கணினி திருத்தும் கடையொன்றில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். உயர்தரம் கலைப்பிரிவில் சித்தியடைந்தவன். விண்டோஸ் போடுவது, ஹார்ட் டிஸ்க் மாற்றுவது, பிரிண்டர் பழுது பார்ப்பது எல்லாம் தனியாகவே செய்வேன். ஆனால் கண்டியிலோ கொழும்பிலோ டெஸ்க்டொப் சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பித்தால் நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைப்பதில்லை. ஏ பிளஸ் செய், சி.சி.என்.ஏ. செய், எம்.சி.எஸ்.ஏ. செய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையில் உள்ள காசு ஒரு பரீட்சைக்குத்தான் போதும். எதைச் செய்வது?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, எம்.சி.எஸ்.ஏ.யை இன்றோடு மறந்துவிடுங்கள். 2021 ஜனவரி 31ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் அந்தச் சான்றிதழை நிறுத்திவிட்டது. வேலை விளம்பரங்களில் இன்னும் அந்தப் பெயரைக் காண்பீர்கள். பழைய விளம்பரத்தை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டிருந்தால், விண்டோஸ் கணினிகளை நிர்வகிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் ஒரு நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நேர்முகத் தேர்வில் நானும் உட்காருவேன். உங்களைப் போல மலையகத்துக் கடைகளில் கை பழகிய பிள்ளைகள் வரும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். அவர்களுக்குத் தெரிந்த வேலை லேசுப்பட்டதல்ல. நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் மங்கிப்போன ரேமின் விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து உயிர் கொடுப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து வரும் கணினியைத் திறந்தால், விசிறியிலும் அதன் கீழேயுள்ள உலோகத் தகடுகளின் இடுக்கிலும் தூள் கம்பளி போல அப்பியிருக்கும். பிரஷால் தட்டி எடுத்தால்தான் சூடு இறங்கும் என்று பார்த்தவுடனே சொல்வார்கள். ஐப்பசி மாத இடிக்குப் பிறகு வரும் கணினியில் முதலில் லேன் போர்ட்டைத்தான் பார்ப்பார்கள், தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்குள் வந்த மின்னல் அங்கேதான் அடிக்கும் என்பதால்.

அப்படிப்பட்ட பிள்ளைகளும் ஒரு கேள்வியில் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கணினியை முன்னால் வைத்து, “காலையிலிருந்து இன்டர்நெட் இல்லை என்கிறார் கணக்காளர், பாருங்கள்” என்பேன். ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கும். முகவரி கொடுக்க வேண்டிய டி.எச்.சி.பி. சேர்வரிடமிருந்து பதில் வராததால் கணினி தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்பது அதன் பொருள். கேபிள் சரியா, பக்கத்து மேசைக்காரருக்கு வேலை செய்கிறதா, சுவிட்சில் விளக்கு எரிகிறதா, சேர்வர் இயங்குகிறதா என்று அங்கிருந்து வரிசையாகப் போக வேண்டும். கடைப் பிள்ளைகளில் பலர் சொல்லும் பதில்: “ஃபோர்மட் செய்து பார்க்கலாம்.”

கடையில் அது சரிதான். ஒரு கணினி, ஒரு வாடிக்கையாளர், அவரும் சம்மதிக்கிறார். அலுவலகத்தில் அதே கணினியில் மாதக் கடைசிச் சம்பளக் கணக்கு இருக்கும், சேமலாப நிதிக் கணக்கு இருக்கும். பழுது அந்தக் கணினியிலேயே இல்லாமலும் போகலாம். ஆட்களின் கணக்குகள், கடவுச்சொல், அனுமதிகள் எல்லாம் அலுவலகத்துக் கணக்குகளை ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் அக்டிவ் டிரெக்டரியிலோ மைக்ரோசொப்ட் 365இலோ இருக்கும். ஒவ்வொரு முறைப்பாடும் ஒரு டிக்கெட்டாக வரும். என்ன செய்தீர்கள் என்று எழுதித்தான் அதை மூட வேண்டும். உங்களுக்கு விட்டுப்போனது இந்தப் பக்கம். ஏற்கெனவே தெரிந்ததற்கு இன்னொரு முத்திரை வாங்குவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தை நிரப்புகிற சான்றிதழைத் தேடுங்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் தீரும். கொம்ப்டியா ஏ பிளஸ் நல்ல சான்றிதழ். உலகம் முழுவதும் தெரிந்த பெயர். வளைகுடாவுக்குப் போக நினைத்தால் முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது ஒரு பரீட்சை அல்ல, இரண்டு. 2025இல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி 220-1201, 220-1202 என்று இரண்டையும் சித்தியடைய வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே டொலர் கணக்கில் கட்டணம். ஒன்றை மட்டும் சித்தியடைந்தால் சான்றிதழ் கிடைக்காது. மூன்று வருடத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். ஒரு பரீட்சைக்குத்தான் காசு என்கிற உங்களுக்கு அது இப்போது வேண்டாம்.

சி.சி.என்.ஏ. ஒரே பரீட்சைதான். ஆனால் அது ரவுட்டர், சுவிட்ச் பக்கத்து வேலைக்கானது. சிஸ்கோவின் பெக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். அதில் வலையமைப்பின் அடிப்படைகளைப் பழகிக்கொள்ளுங்கள். பரீட்சை பிறகு.

உங்களுக்கு நான் சொல்வது மைக்ரோசொப்டின் எம்.டி.-102. ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்கு விண்டோஸ் போட்டுக் கொடுப்பது, இன்டியூன் மூலம் அவற்றை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது, பாதுகாப்பு விதிகளை அமைப்பது ஆகியவையே இதன் பாடம். 1000க்கு 700 எடுத்தால் சித்தி. வருடத்துக்கு ஒருமுறை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணமில்லை. பாடங்களும் மைக்ரோசொப்ட் லேர்ன் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

உடனே பரீட்சைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். இது அனுபவம் கேட்கும் பரீட்சை. அந்த அனுபவத்தைக் கடையிலேயே உண்டாக்கிக்கொள்ள உங்களுக்கு வசதி இருக்கிறது. 16 ஜி.பி. ரேம் போட்ட ஒரு பழைய கணினியை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை இயக்கிப் பார்க்க உதவும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளைப் போட்டு அதற்குள் விண்டோஸ் சேர்வரை நிறுவுங்கள். சோதனைப் பதிப்பு 180 நாள் ஓடும். விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு 90 நாள். சேர்வரில் அக்டிவ் டிரெக்டரியை அமையுங்கள், பத்துப் பேருக்குக் கணக்குத் திறவுங்கள், விண்டோஸ் 11 கணினியை அந்தச் சேர்வர் நிர்வகிக்கும் வலையமைப்பில், அதாவது டொமைனில், சேர்த்துவிடுங்கள். பிறகு வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பாருங்கள்: டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள், ஒருவரின் கணக்கைப் பூட்டுங்கள், தளப் பெயர்களை ஐ.பி. முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேர்வரின் முகவரியை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன தெரிந்தது, எதைப் பார்த்தீர்கள், எது சரிப்படுத்தியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நேர்முகத்துக்கு அந்தக் கொப்பியோடு வரும் பிள்ளையை நான் சும்மா அனுப்பமாட்டேன். இன்டியூனின் 30 நாள் சோதனைக் கணக்கைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே திறந்தால் வீணாகிவிடும்.

இதற்கிடையில் இன்னொன்று. நான்கு வருட வேலை அனுபவத்துக்கு இந்த நாட்டிலேயே ஒரு தாள் இருக்கிறது: என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை. வகுப்புக்குப் போகாமலே, முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்முறையில் காட்டி அதைப் பெறலாம். நைட்டா எனப்படும் அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்தில் கணினி வன்பொருள் துறைக்கு விசாரியுங்கள். முதலாளியிடம் சேவைக் கடிதம் வாங்கி வையுங்கள். அழைப்பு வராமல் இருப்பதற்கு முக்கிய காரணம், கடை அனுபவத்தை நிரூபிக்க உங்களிடம் எந்தக் காகிதமும் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகன் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். டவுனில் ஒரு நிறுவனத்தில் ஒன்றரை இலட்சம் ரூபா கட்டினால் ஆறு சர்வதேசச் சான்றிதழ், வேலையும் நிச்சயம் என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: சகோதரி, கட்டாதீர்கள். குறைந்தது இந்த விடயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்கும்வரை கட்டாதீர்கள்.

அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? இருந்தால் பதிவு இலக்கம் கொடுப்பார்கள். மகனை விட்டு ஆணைக்குழுவிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆறு சான்றிதழையும் கையெழுத்திட்டுத் தருவது யார்? கொம்ப்டியா, மைக்ரோசொப்ட், சிஸ்கோ நடத்தும் பரீட்சைகளை அந்தந்த நிறுவனங்களின் பரீட்சை முறையில்தான் எழுத முடியும். வகுப்பு நடத்தியவர்கள் “பாடநெறியை முடித்தார்” என்று தருகிற தாள் வேறு. இரண்டையும் ஒன்றுபோலக் காட்டித்தான் பல குடும்பங்களின் காசு போகிறது, எனக்கு இதில் தாங்க முடியாத கோபம். பரீட்சைக் கட்டணம் அந்த ஒன்றரை இலட்சத்துக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். பட்டியலில் எம்.சி.எஸ்.ஏ. இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏன் என்று மேலே பொகவந்தலாவைத் தம்பிக்கு எழுதியிருக்கிறேன்.

பரீட்சைக் கேள்விகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்யத் தருகிறோம் என்று சொன்னாலும் வெளியே வாருங்கள். அது பரீட்சை விதிக்கு விரோதம். பிடிபட்டால் மகனின் சான்றிதழை இரத்துச் செய்யலாம், மறுபடி எழுதவும் தடை வரலாம்.

முதலில் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பக்கத்து நிலையத்தில் கேளுங்கள். கணினிப் பாடநெறிகள் குறைந்த செலவில் நடக்கின்றன, முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: கூகுள் ஐ.டி. சப்போர்ட் பாடநெறியைக் கைபேசியிலேயே படித்து முடித்தேன். இதை வைத்து வேலை கிடைக்குமா? அடுத்த பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் பயமாக இருக்கிறது. வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள், உண்மையா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: தங்கச்சி, கைபேசியில் அதை முடித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அந்தப் பாடநெறி அடித்தளம் போடும். ஆனால் கண்காணிப்போடு நடக்கும் பரீட்சை அதில் இல்லாததால், அதை மட்டும் பார்த்து வேலை கொடுப்பவர்கள் குறைவு. அதோடு ஒரு என்.வி.கியூ. சேர்ந்தால் பயிலுநராகச் சேர விண்ணப்பிக்கலாம். எட்டு மணிநேரமும் மேசையில் உட்காரும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மேசைக்குக் கீழே தவழ்ந்து கேபிள் தேடுகிற வேலையும் இதில் உண்டு, பெண் பிள்ளைகள் அதை நன்றாகவே செய்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றி: இந்தப் பரீட்சைகள் தமிழில் இல்லை. ஆனால் உங்கள் மொழியில் பரீட்சை இல்லாவிட்டால் மைக்ரோசொப்ட் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. தானாகக் கிடைக்காது, நாள் குறிப்பதற்கு முன்பே விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இது தெரியாமலே போய் எழுதிவிட்டு வருகிறார்கள்.

வீட்டிலிருந்து எழுதலாம் என்பது உண்மைதான். அறையில் தனியாக இருக்க வேண்டும், கெமரா முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் யாராவது உள்ளே வந்தால் பரீட்சையை நிறுத்திவிடலாம். லயன் வீட்டில் அது நடக்கிற காரியமா என்று நீங்களே பாருங்கள். காற்றுக்கும் மழைக்கும் மின்சாரம் போகிற ஊர் நமது. கொழும்பில் உள்ள பரீட்சை நிலையத்தில் இடம் எடுத்து, முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்கி எழுதுங்கள். பதியும்போது முதலெழுத்து, தகப்பன் பெயர் எல்லாம் கடவுச்சீட்டிலோ அடையாள அட்டையிலோ உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெயர் மாறியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும்.